யாரும் போடாத முடிச்சு

கட்டியைத் தடவிப் பார்த்து வைத்தியம் சொல்வது டாக்டர் தொழிலில் பாதிதான். அந்தக் கட்டி யாரால் வந்தது என்று சுற்றி நிற்கிற சொந்தபந்தத்துக்குப் பதில் சொல்வது மீதிப் பாதி. சின்ன ஊர்களில் ஊசியும் குழாயுமாகக் காலம் தள்ளிய சகாக்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், எல்.எம்.பி. என்கிற டாக்டர் படிப்பை முடித்த சூட்டோடு அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்தேன். பொம்பளை டாக்டர், அதிலும் கல்யாணமாகாதவள் என்பதால் ஆரம்பத்தில் பாதிப் பேர் என்னை வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். என்ன செய்கிறது என்று கேட்டால் தலைவலி என்பார்கள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கெண்ணெய் கொடுத்து அனுப்பினேன். கூட்டம் குறைந்தது.

படிக்கும்போது எனக்குப் பிடித்தது ஒரே ஒரு பாடம்தான். வயிற்றுக்குள் பிள்ளை எப்படி உருவாகிறது என்கிற பாடம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கும். வகுப்பே தூங்கி வழியும். வாத்தியார் கரும்பலகையில் புழு மாதிரி ஒன்றை வரைந்து, இதுதான் நீங்கள் என்பார். இதை வைத்துக்கொண்டு எந்தக் காய்ச்சலை இறக்கப் போகிறோம் என்று சிநேகிதிகள் சிரிப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாக்கை நீட்டு

கொண்டம்மாள் என்கிற நெசவுக்கார அம்மாள் தன் மருமகள் நாகம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணமாகி நாலைந்து மாதம்தான் இருக்கும். பெண்ணுக்குக் கழுத்தின் நடுவில், குரல்வளைக்குச் சற்று மேலே, பாக்கு அளவில் ஓர் உருண்டை. அதன் மேல் ஏதோ பச்சிலையை அரைத்துப் பூசித் தோல் வெந்துபோயிருந்தது. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கொண்டம்மாள் என்னிடம் தமிழில் வியாதியைச் சொல்லிவிட்டு, மருமகளிடம் தெலுங்கில் ஏதோ அதட்டினார்.

எச்சிலை விழுங்கச் சொன்னேன். உருண்டை மேலே ஏறி இறங்கியது. சரி, நாக்கை நன்றாக வெளியே நீட்டு என்றேன். அந்தப் பெண் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். நான் குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னேன். அவள் மாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமியாருக்கு எதிரே நாக்கை நீட்டுவதாவது! கொண்டம்மாளைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். அவர் விறைப்பாகத் திரும்பினார். நாகம்மாள் நாக்கை நீட்டினாள். உருண்டை வெடுக்கென்று மேலே தாவியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புத்தகத்தில் படித்த சங்கதி, அப்படியே கண்ணுக்கு முன்னால்!

அந்த உற்சாகத்தில் விளக்கமாகச் சொல்லத் தொடங்கினேன். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி உண்டு. பிள்ளை கருவில் இருக்கும்போது அது நாக்கின் அடிவேரில் முளைத்து, மெல்ல மெல்லக் கழுத்துக்கு இறங்கி வரும். வந்த வழி தானாகத் தூர்ந்துவிட வேண்டும். சிலருக்குத் தூராமல் கொஞ்சம் மிச்சம் நிற்கும். பல வருஷம் கழித்து அதில் நீர் கோத்து இப்படி உருண்டையாகும். தொற்று வியாதி இல்லை, பயப்பட ஒன்றுமில்லை, வயிற்றிலேயே வந்தது என்றேன். பெண்ணைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு நினைப்பு. கொண்டம்மாள் சுவரைப் பார்த்தபடியே நிதானமாகச் சொன்னார்: "அப்ப நாங்க பொண்ணு பார்க்கப் போனப்பவே அது உள்ள இருந்திருக்கு. அவுக ஆத்தா வீட்டுல எங்களுக்குக் காட்டலை, அவ்வளவுதானே டாக்டரம்மா?"

எலும்பு எங்கே?

மூட்டை முடிச்சோடு நாகம்மாளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஒரு வாரம் பேச்சு நடந்தது. தாய்வீடு திருச்சுழியில். கட்டி போனால் வரட்டும், போகாவிட்டால் அங்கேயே இருக்கட்டும் என்பது கொண்டம்மாளின் தீர்ப்பு. மகன் ராமலிங்கம் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுகிறவன் இல்லை. ஆனால் ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் பெண்டாட்டியை மதுரைக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்விட்டான். அங்கே ஒரு சர்ஜனுக்கு நான் விவரம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

இந்தக் கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வந்துவிடும். அந்தப் பழைய வழி நாக்குக்கு அடியில் இருக்கிற வளைந்த சின்ன எலும்பை ஒட்டிப் போகிறது. எலும்பின் நடுத்துண்டையும் சேர்த்து எடுத்தால்தான் தீரும். சர்ஜன் அப்படியே செய்து அனுப்பினார். நாகம்மாள் கழுத்தில் கட்டோடு வந்து இறங்கினாள். மறுநாளே கொண்டம்மாள் என் டிஸ்பென்சரிக்குத் தனியாகச் சண்டைக்கு வந்தார். அந்த எலும்பு இல்லாமலே சோறு இறங்கும், பேச்சு வரும் என்று எவ்வளவோ சொன்னேன். ஏறவில்லை. கோபத்தில் நானும் கத்தத்தான் இருந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டு கேட்டார்: "கட்டியை எடுக்கச் சொன்னா எலும்பையும் எடுத்து வெச்சுக்கிட்டாக. எங்க வீட்டுப் புள்ளை எலும்பு அது, யாரைக் கேட்டு எடுத்தாக?"

மீன் சமாச்சாரம்

மல்லாங்கிணற்றிலிருந்து சங்கரலிங்கம் என்று ஒரு பருத்தி வியாபாரி வந்தார். சொந்தமாக லாரி வைத்திருந்தவர். பெட்ரோல் கிடைக்காத காலம், அதனால் லாரிக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் கழுத்தில்தான். ஆனால் ஓரத்தில், தாடைக்குக் கீழே. தோளில் கிடந்த துண்டை எந்நேரமும் கழுத்தோடு சுற்றி மறைத்திருந்தார். காசநோயில் கழுத்தில் வருகிற கண்டமாலை என்று ஊர் சொல்லிவிட்டால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது என்பது மனுஷனின் கவலை.

ஊசி குத்தி நீரை இழுத்துப் பார்த்தேன். சீழ் இல்லை, வெளிச்சத்தில் மினுமினுவென்று மின்னியது. கண்டமாலை இல்லவே இல்லை என்றதும் உட்கார்ந்திருந்தவர் எழுந்து கும்பிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். நமக்கு வாய் சும்மா இருக்குமா? கருவில் நம் எல்லாருக்கும் கழுத்தின் இரண்டு பக்கமும் பள்ளம் பள்ளமாக இருக்கும், மீனுக்கு அதுவே செவுளாகிறது, நமக்கு மூடிக்கொள்கிறது, உங்களுக்கு ஒன்று சரியாக மூடவில்லை என்றேன். சங்கரலிங்கம் வெகுநேரம் யோசித்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நான் மீனா இருந்திருந்தா, தண்ணியில்லாத இந்தச் சீமைக்கு எதுக்குங்க வந்து பிறக்கப் போறேன்?"

அறுந்த இழை

மறுவருஷம் நாகம்மாளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. தலைப்பிரசவம், அதனால் திருச்சுழியில் தாய்வீட்டில். பேரனைப் பார்க்கக் கொண்டம்மாள் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே பலகாரத் தூக்கைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டார் என்று பக்கத்துப் பாளையம்பட்டி வரைக்கும் பேச்சு. பிள்ளையின் இடுப்புக்கு மேலே, முதுகின் நட்டநடுவில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டியாம்.

காரணத்தையும் கொண்டம்மாளே கண்டுபிடித்துவிட்டார். நாகம்மாளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஒரு கிரகணம் வந்தது. கர்ப்பிணியை இருட்டில் அடைத்து வைக்க வேண்டும், அவள் எதையும் நறுக்கக் கூடாது, முடிச்சுப் போடக் கூடாது. அந்த வீட்டில் கதவைச் சாத்தி இருட்டாக்கக்கூடிய அறை ஒன்றுதான். தறி கிடக்கிற அறை. தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு நூலில் ஓர் இழை அறுந்து தொங்கியிருக்கிறது. நெசவு வீட்டில் பிறந்து வளர்ந்த கைக்கு அறுந்த இழையைப் பார்த்தால் சும்மா இருக்கத் தெரியுமா? இருட்டில் தடவியே இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்துவிட்டாள். கிரகணம் விட்டுக் கதவைத் திறந்த கொண்டம்மாள் முதலில் பார்த்தது அந்த முடிச்சைத்தான். அது இப்போது பிள்ளை முதுகில் விழுந்துவிட்டது என்பது அவர் வாதம். கழுத்தில் கட்டியோடு வந்தவள், முதுகில் கட்டியோடு பெற்றிருக்கிறாள், இனி அவளுக்கு இந்த வீட்டில் இடமில்லை. ராமலிங்கத்துக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சும் கிளம்பியது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ராமலிங்கம் வந்து சொல்லித்தான். அவன் வாசல்படியிலேயே நின்றான். மருவைப் பட்டு நூலால் இறுக்கிக் கட்டினால் தானாக அறுந்து விழுகிறது அல்லவா, அந்த மாதிரி பிள்ளையின் கட்டியையும் கட்டிவிட அம்மா கிளம்பிப் போயிருக்கிறார் என்றான். முதுகுத்தண்டைச் சுற்றி நிற்கிற நீரல்லவா அந்தக் கட்டிக்குள் இருக்கும்! கட்டினால், தோல் அழுகி உடைந்தால், பிள்ளை பிழைக்காது. உனக்கு வாயில்லையா, தடுத்தால் என்ன என்று அவன் மேல் பாய்ந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "அம்மா முன்னால எனக்குப் பேச்சு வராதுங்க. நீங்க சத்தம் போடுவீக, அதுக்காகத்தான் வந்தேன்."

திருச்சுழி வீட்டில்

சங்கரலிங்கத்தின் லாரி பருத்தி ஏற்றத் திருச்சுழிக்குப் போய்க்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தி நானும் ராமலிங்கமும் ஏறிக்கொண்டோம். கரிப்புகையில் முகமெல்லாம் கறுத்து இறங்கினேன். வீட்டுக்குள் போனால், நடுக்கூடத்தில் கொண்டம்மாள் மஞ்சள் தடவிய பட்டு நூலோடு உட்கார்ந்திருக்கிறார். நாகம்மாளின் தாய் ஒரு மூலையில் அழுதுகொண்டிருக்கிறார். நாகம்மாள் பிள்ளையை மார்போடு அணைத்து, முதுகைத் தன் முந்தானையால் மூடி, சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறாள். காலையிலிருந்து அப்படியே நிற்கிறாளாம். யார் கையிலும் பிள்ளையைத் தரவில்லை.

என்னைப் பார்த்ததும் அவள் சொன்னது, கட்டியை லேசாக அமுக்கினால் பிள்ளையின் உச்சிக்குழி மேலே தூக்குகிறது என்பதுதான். குளிப்பாட்டும்போது தற்செயலாகப் பார்த்தாளாம். முதுகும் தலையும் உள்ளுக்குள்ளே ஒன்றாக இருக்கிற மாதிரி இருக்கு, கட்டினா என்னம்மா ஆகும் என்று கேட்டாள். நான் விரலை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பிள்ளை இரண்டு காலையும் நன்றாக உதைத்தான். கால் நரம்பு கெடவில்லை என்று அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கொண்டம்மாளின் விரலைப் பிடித்து அந்த உச்சிக்குழியில் வைத்து, அது எழும்புவதை அவரையே உணரச் செய்தேன். அவர் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். பட்டு நூல் மடியிலிருந்து கீழே விழுந்தது.

ஆனாலும் வழக்கு முடியவில்லை. இதை யார் செய்தது என்ற கேள்வி அங்கேயே நின்றது. ராமலிங்கத்தின் தோளில் கிடந்த துண்டை வாங்கித் தரையில் விரித்தேன். பிள்ளை உருவாகத் தொடங்கும்போது முதுகு இப்படி விரிந்துதான் கிடக்கும் என்றேன். பிறகு இரண்டு ஓரமும் எழும்பி நடுவில் வந்து ஒட்டிக் குழாயாகும். அந்தக் குழாய்தான் மூளையும் தண்டும். அதன் மேல் எலும்பும் வந்து மூட வேண்டும். இந்தப் பிள்ளைக்கு ஓரிடத்தில் சரியாக மூடவில்லை, உள்ளே இருக்கிற உறை நீரோடு பிதுங்கி வந்திருக்கிறது. கொண்டம்மாள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இது எந்த மாசம் நடக்கும் என்று கேட்டார். முதல் மாதத்திலேயே, பிள்ளை தங்கியிருக்கிறது என்று தாய்க்கே தெரியுமுன்னால் தொடங்கிவிடுகிற கோளாறு, ஏழாம் மாதத்துக் கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன்.

கொண்டம்மாள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். அந்த மாதம் நாகம்மாள் எங்கே இருந்தாள்? அவர் வீட்டில்தான். அவர் ஆக்கிப் போட்ட சோற்றைத்தான் தின்றாள், அவர் சொன்ன வேலையைத்தான் செய்தாள். இதைக் கேட்டதும் மூலையில் அழுதுகொண்டிருந்த நாகம்மாளின் தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அப்போ உங்க வீட்டுலதான் நடந்திருக்கு என்று அவர் வாயெடுக்க, நான் போட்ட சத்தத்தில் பிள்ளை வீறிட்டது. சோற்றாலும் இல்லை, வேலையாலும் இல்லை, இந்த வீடும் இல்லை, அந்த வீடும் இல்லை, எதனால் என்று எனக்குத் தெரியாது, நான் படித்த புத்தகத்திலும் இல்லை என்று கத்தினேன். கொண்டம்மாள் தரையில் கிடந்த துண்டை எடுத்து மெதுவாக மடித்தார். அவர் குரல் உடைந்திருந்தது. "யாரு மேலயும் குத்தமில்லைன்னு சொல்லிப்புட்டீக. திட்டிக்கிட்டு இருந்த வரைக்கும் எனக்கு அழுகை வரலை டாக்டரம்மா."

மதுரைக்கு

பருத்தி ஏற்றிய லாரி அன்றே மதுரைக்குக் கிளம்பியது. முன்னால் இருந்த இடத்தில் நாகம்மாளும் கொண்டம்மாளும் உட்கார்ந்தார்கள், ராமலிங்கம் பின்னால் பருத்தி மேல் ஏறிக்கொண்டான், நான் ஊருக்குத் திரும்பினேன். கட்டியில் எதுவும் படாமல் பிள்ளையைக் குப்புறப் போட்டுக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நாகம்மாள் களைத்துச் சாய்ந்துவிட்டாள். காரியாபட்டி தாண்டிக் குலுங்கிய ரோடு முழுக்கக் கொண்டம்மாள் தன் இரண்டு முன்கையையும் நீட்டி, அதன் மேல்தான் பேரனைப் படுக்க வைத்துக்கொண்டு போனார் என்று சங்கரலிங்கம் பிற்பாடு சொன்னார்.

ஆப்பரேஷன் செய்தால் பிள்ளை பிழைத்தாலும் பிழைக்கும், போனாலும் போகும் என்பதைச் சர்ஜன் மறைக்கவில்லை. யாரிடம் கேட்டுச் செய்வது என்று அவர் ராமலிங்கத்தைப் பார்த்திருக்கிறார். ராமலிங்கம் அம்மாவைப் பார்த்திருக்கிறான். கொண்டம்மாள், பெத்தவளைக் கேளுங்க என்று நாகம்மாளைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறார். நாகம்மாள் சரி என்றாள். உறைக்குள் நரம்பு எதுவும் சிக்கவில்லை, நீர் மட்டும்தான். எங்கள் நல்ல நேரம். காயம் ஆறும் வரை நான் சாப்பிட்ட சாப்பாடு எனக்கு ஒட்டவில்லை. பிள்ளை பிழைத்தான். தாயும் பிள்ளையும் திருச்சுழிக்குப் போகவில்லை. நேராகத் தறி வீட்டுக்குத்தான் வந்தார்கள். வேறு பெண் பார்க்கிற பேச்சு வந்த சுவடு தெரியாமல் போனது.

பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு அம்மை குத்துவதற்காக அவனை என்னிடம் தூக்கி வந்தார்கள். சட்டையைக் கழற்றியதும் முதுகுத் தழும்பு தெரிந்தது. பக்கத்தில் காத்திருந்த இரண்டு பொம்பளைகள் கிரகணம் என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். நாகம்மாள் முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. புழுவையும் துண்டையும் மறுபடி எடுக்க வேண்டியதுதான் என்று எழுந்தேன். அதற்குள் கொண்டம்மாள் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். "எங்க பேரன் முதுகைப் பத்திப் பேசுறவுக, தன் முதுகு எந்த மாசத்துல மூடுச்சுன்னு முதல்ல சொல்லிட்டுப் பேசுங்க."

இத்தனை வருஷத் தொழிலில் நான் கொடுத்த மருந்துகளிலேயே கசப்பானது 'யாரும் காரணமில்லை' என்பதுதான், அதை ஒரே தடவையில் மடக்கென்று குடித்தவர் ஒரே ஒரு மாமியார்தான்.